வராத பந்து

கான்கிரீட் பம்பின் குழாயைக் கழுவ விட்ட தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒட்டிய கான்கிரீட்டை வழித்துக்கொண்டு வரவேண்டிய ஸ்பாஞ்ச் பந்தை மட்டும் காணோம்.

"என் கையாலதானே போட்டேன்! வளைவுலதான் எங்கயோ மாட்டியிருக்கு. ஒவ்வொண்ணாக் கழட்டு மாப்ள!" பம்ப் ஆபரேட்டர் மச்சினனை விரட்டினார்.

அடுத்த சைட்டில் கலவை லாரி காத்திருந்தது. நேரமானால் கான்கிரீட் இறுகிவிடும்.

இரண்டு முறை துண்டித்தும் மனைவி மறுபடி அழைத்தாள்.

"பந்தைக் காணோம்னு தவிச்சிட்டிருக்கேன், என்னடி?"

"அதுக்குத்தாங்க கூப்பிடுறேன். நேத்து அலசி, கிளிப் மாட்டிக் காயப்போட்டீங்களே, இன்னும் கொடியிலதான் தொங்குது."

கழற்றிய பதினேழு குழாய்களும் தரையில் கிடந்தன.

"அக்கா என்ன சொல்றா, மாமா?"

"உன்னை மசமசன்னு நிக்காம மிச்சத்தையும் கழட்டச் சொல்றா!"