இங்கிலீஷ் கடுதாசி

பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சடுகுடுப் போட்டி. ஆலங்குடி தாலுகா டீமுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார் டிரில் மாஸ்டர் சிங்கமுத்து. கீரமங்கலத்திலிருந்து வந்த வள்ளிக்கண்ணு, மகனின் ஜாதகத்தை மேசைமேல் வைத்தாள்.

“எம்மவன் சாத்தையாவுக்கு இன்னும் பதினாறு முடியலீங்க. அதை ஒரு கடுதாசியில எழுதிக் குடுங்க.”

“சாத்தையாவா? போன வருசம் பெரியாளுக டீம்ல ஆடி ஜெயிச்சுக் குடுத்தவனாச்சே!” மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். உடனே எழுதினார்.

“இங்கிலீசுலதானுங்களே?”

“ஆமா.”

“முத்திரை?”

“குத்தியாச்சும்மா.”

சடுகுடு ஆடுவதற்கு இங்கிலீஷ் எதற்கு என்று அவருக்குள் குறுகுறுத்தது. “சரி, பையனை வரச் சொல்லு. ஆளைப் பாக்காம பேரைச் சேக்க முடியாது.”

“அவன் எங்கிட்டுங்க வருவான்? பட்டாளத்துல சேந்துட்டான். அடுத்த வாரம் பர்மாச் சண்டைக்கு அனுப்புறாகளாம். வயசு பத்தாதுன்னு காட்டுனா விட்டுருவாகளாம். ஜாதகம் செல்லாதாம். நீங்க எழுதிக் குடுத்தாத்தான் செல்லுமாம்.”

மாஸ்டர் கொதித்துப் போனார். “பச்சப் புள்ளையம்மா அவன்! பதினெட்டு ஆச்சுன்னு எந்த மடையன் அவனுக்கு எழுதிக் குடுத்தான்?”

வள்ளிக்கண்ணு முத்திரை காயாத கடுதாசியைப் பத்திரமாக எடுத்துக்கொண்டாள்.

“போன வருசம் பெரியாளுக டீம்ல ஆடுறதுக்குன்னு நீங்க ஒண்ணு எழுதிக் குடுத்தீகளே வாத்தியாரய்யா, அதைத்தான் காட்டியிருக்கான்.”