நாலு நாட்டுப் பணம், ஒரே பெயர்

"சோத்தாங்கையில குடுன்னு எத்தன தடவ சொல்றது? நல்ல காரியம் நடக்கற நாளு."

டீ டம்ளரை நீட்டிக்கொண்டு நின்ற கோகிலா இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினாள். ராத்திரி தூங்காத கண்கள் சிவந்து கிடந்தன. சத்யராஜுக்கு அவள் கண்ணைப் பார்க்க இன்று நேரமில்லை.

"எந்த பேங்க் கணக்குன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"நேத்துப் பேசுனதுதான். ரெண்டு பேரு பேருலயும் இருக்கறது. போ, வீடியோ கால் வரப்போவுது. கூப்புடற வரைக்கும் உள்ள வராத."

அவள் போனதும் கதவைச் சாத்தினான். சொன்னது பச்சைப் பொய்.

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரையும் தொழில், மூன்று வருடமாகப் பொம்மிடியில் இந்த அறையில் இருந்தபடியே ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம், ரசீது எல்லாம் சத்யராஜ் பெயரில்தான். இப்போது போர்ச்சுகல் போகிறான், சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான விசாவில். செவ்வாய்க்கிழமை சென்னையில் நேர்காணல்.

கோகிலாவிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனாலும் அவளைப் பிறகு கூட்டிக்கொள்வதாக ஏற்பாடு. எப்போது என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள், இவனும் மழுப்பிவிட்டான்.

யூரோ, டாலர் எதையும் ரூபாயாக மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்று வேண்டும். அதன் சான்றிதழ் இல்லாமல் நேர்காணலுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை என்று விசா ஏஜென்ட் கறாராகச் சொல்லியிருந்தார். இன்றைக்கே வெள்ளிக்கிழமை.

ஒரு வாரம் அலசி, கடைசியில் இரண்டு கணக்குகள் மிச்சமாயின. ஒன்று கணவன் மனைவி இருவர் பெயரிலும் திறப்பது. ஆதாரும் பாஸ்போர்ட்டும் போதும், கட்டணம்தான் கொஞ்சம் கூட. இன்னொன்று தொழில் செய்பவர் ஒருவர் பெயரில் மட்டும், கட்டணம் குறைவு, ஆனால் அதிகாரி வீடியோவில் நேரடியாக விசாரிப்பார். கோகிலா முதல் கணக்கைத்தான் நோட்டில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

சத்யராஜ் விண்ணப்பித்தது இரண்டாவதற்கு. தெரிந்தால் வீடு இரண்டாகும். தெரிந்தால்தானே!

இடப்பக்கம் கிடந்த மௌஸையும் வரையும் பேனாவையும் வலப்பக்கம் எடுத்து வைத்தான். தலையை வாரிக்கொண்டான். திரையில் அதிகாரி வந்தாள், சின்னப் பெண்.

"வணக்கம் சார். ஆவணமெல்லாம் சரியா இருக்கு. இது ஒருத்தர் பேருல மட்டும் திறக்கற கணக்கு. மனைவி பேரைச் சேர்க்க வேண்டாம்னு உறுதியா சொல்றீங்களா?"

கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "வேண்டாங்க. அவங்க வூட்டைப் பாத்துக்கறவங்க. இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க."

அந்த நேரம் பார்த்துத்தானா சேலம் ரயில் அலறிக்கொண்டு போக வேண்டும்?

"கேக்கல சார். பதிவாகணும், சத்தமா சொல்லுங்க."

"மனைவி பேரு வேண்டாங்க! அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க!"

ரயில் போய்விட்டது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்சியும் நின்றுவிட்டது.

"நன்றி சார். கடைசியா ஒண்ணு. இப்பல்லாம் கம்ப்யூட்டரே போட்டுக் குடுக்கற படத்தை அனுப்பிட்டு, தொழில்னு சொல்றாங்க. அதனால நேர்ல பாக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க அனுப்புன படத்துல ஆமை இருக்கே, அது கழுத்தை நீட்டி எட்டிப் பாக்கற மாதிரி வரைஞ்சு காட்டுங்க."

"இப்பவா?"

"ரெண்டு நிமிஷ வேலைதானே சார்?"

"கை வலிங்க. நாளைக்குன்னா..."

"இன்னைக்கு முடிக்காட்டி விண்ணப்பம் ரத்தாயிடும். அடுத்து ஆறு மாசம் கழிச்சுதான் போட முடியும்."

ஆறு மாதம்! விசா போச்சு, லிஸ்பனில் பேசி வைத்த அறை போச்சு. ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, இனி கடைவீதியில் தலைகாட்ட முடியாது.

சட்டென்று ஒரு யோசனை. நெட் போய்விட்டால் அது யார் குற்றமும் இல்லை, இன்னொரு நாள் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? "ஒரு நிமிஷங்க, லைன் விட்டு விட்டு வருது" என்று மைக்கை அணைத்துவிட்டு எழுந்தான். மோடம் ஹாலில் இருந்தது.

கதவைத் திறந்தான். மோடத்தை மறைத்துக்கொண்டு கோகிலா நின்றாள்.

"நவுரு. அவசரம்."

அவள் நகரவில்லை. கல்யாணமான ஆறு வருடத்தில் அவள் இப்படிப் பார்த்து அவன் கண்டதில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களா?"

"அது... பேங்குக்காகச் சும்மா சொன்னது கோகிலா. அப்பறம் பேசலாம், மொதல்ல அந்த ஒயரப் புடுங்கு."

அவள் அழவில்லை. அவனைத் தாண்டி அறைக்குள் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரையும் பேனாவை இடக்கையில் எடுத்துக்கொண்டு மைக்கைத் திறந்தாள். சத்யராஜ் வாசற்படியிலேயே நின்றான்.

திரையில் இருந்த பெண் திகைத்துப் போனாள். "மேடம், நீங்க யாரு? சார் எங்க?"

"அந்த ஆமைய வரைஞ்சவ நான்தாங்க, கணக்க என் ஒருத்தி பேருலயே தொறங்க."