கனடாப் பட்டி

“இன்னொரு கோழியிலை வாய் வச்சால், உங்கடை சீசர் இந்த ஒழுங்கையிலை இருக்கேலாது” என்று செல்வநாயகி பக்கத்து வீட்டுக் கஜானியிடம் கடைசியாகச் சொல்லிவிட்டாள். அதற்காகவே கஜானியின் தமையன் கனடாவிலிருந்து நாய்க்கு ஒரு கழுத்துப் பட்டி அனுப்பியிருந்தான். றிமோட்டை அழுத்தினால் நாயின் கழுத்தில் கரண்ட் அடிக்குமாம். இன்றைக்குப் பரீட்சை.

“பட்டி கட்டியாச்சோ?”

“ஓமக்கா. கோழியளைத் திறந்து விடுங்கோ.”

கூட்டைத் திறந்ததுதான் தாமதம், சீசர் பாய்ந்தது. கஜானி றிமோட்டை அழுத்தினாள். வேலிக்கு அப்பால் அவள் புருஷன் நிருஷன் “ஆ” என்று கத்தினான். நாயை அதட்டுகிறான் என்று செல்வநாயகி நினைத்தாள். சீசர் கோழியை அப்படியே விட்டுவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் திரும்பி ஓடியது.

செல்வநாயகிக்கு வாயெல்லாம் பல்.

“பாவம், அதுக்கு நோகாதே?”

“நாய்க்கு நோகாதக்கா.”

“அப்ப எங்கடை ஜிம்மிக்கும் ஒரு கிழமை தாவன். வீட்டிலை ஒரு செருப்பும் மிச்சமில்லை.”

“தரலாம்...” கஜானி இழுத்தாள். “இங்காலை வந்து பாருங்கோவன்.”

கிணற்றடியில் நிருஷன் சாரத்தை மடித்துக்கொண்டு குந்தியிருந்தான். பட்டி அவனுடைய கெண்டைக்காலில் இருந்தது. சீசர் அந்தக் காலை உருகி உருகி நக்கிக்கொண்டிருந்தது.

“நேற்று நாய்க்குக் கட்ட முதல், நோகுமோ எண்டு தனக்குக் கட்டிப் பாத்தவர். இவர் கத்தின கத்திலை சீசர் தின்ன சோத்தை விட்டிட்டு ஓடி வந்திட்டுது. அதுக்குப் பிறகு நாய்க்குக் கட்ட மனம் வரேல்லையாம், இண்டைக்கும் தானே கட்டிக்கொண்டார். பட்டி மட்டும் காணாதக்கா, உங்கடை அவரும் சம்மதிக்க வேணுமே.”

செல்வநாயகி சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“நீ தா. பிறஷர் பாக்கிற பட்டி எண்டு சொல்லிக் கட்டுறன்.”