நீல நூல்

"ஒரே ஒரு சிவப்பு இழை சேர்த்தா என்ன குறைஞ்சு போயிடும், சம்பந்தி?" என்றாள் மால்லே.

லெய்டா தன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். கையுறையை நீல நூலால் பின்னிக்கொண்டே இருந்தாள். கிஹ்னு தீவில் துக்கம் காக்கிற பெண் சிவப்பை உடுத்தவும் மாட்டாள், பின்னவும் மாட்டாள். ஒரு வருஷம் போனதும் பாவாடையிலும் கையுறையிலும் மெல்ல மெல்லச் சிவப்பு திரும்பி வரும். லெய்டாவுக்கு வரவில்லை. கப்பலில் வேலைக்குப் போன மகன் யூரி அந்நியக் கடலில் விழுந்து மாண்டதாக அவள் ஊருக்குச் சொல்லி, இது மூன்றாவது இலையுதிர் காலம்.

தோட்டம் மட்டும் துக்கம் காக்கவில்லை. டேலியாப் பூச்செடிகள் ஆள் உயரத்துக்கு எழுந்து, அடர்சிவப்பாய்த் தலை கனத்து நின்றன. வேலியோர மரத்தில் இலைகளைவிடச் சிவப்புப் பழங்களே அதிகம். கீழே ஊதா ஆஸ்டர் பூக்கள், மூடுபனியில் நனைந்து.

"இதையெல்லாம் பார்த்துக்கிட்டே பின்னலாம்னா நான் இங்கேயே இருந்துடுவேன்" என்று மால்லே தன் பையிலிருந்து கொக்கி ஊசியை எடுத்தாள். கல்யாண மேசைக்கான வெள்ளை விரிப்பு அதில் பாதி வளர்ந்திருந்தது.

"ஓட்டை ஓட்டையாப் பின்னுறதுக்குப் பேரு வேலையா?" என்றாள் லெய்டா.

"குளிருக்குத்தான் உன் வேலை. கண்ணுக்கு என் வேலை." மால்லே சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "என் பையன் ரெய்ன் அவசரப்படல. உன் திய்னாவும் சின்னப் பொண்ணுதான். நீ துக்கத்துல இருக்கிறப்ப எதுக்கு ஓடணும்? வசந்தத்துல வெச்சுக்கலாமே."

"இந்த மாசக் கடைசி."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"துக்கம் என்னோடது. கல்யாணம் அவளோடது. தள்ளிப்போட்டா இந்த வாசல்ல கல்யாணமே கிடையாது."

மால்லே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்மணியிடம் மேற்கொண்டு வாதாட யாருக்கும் தோன்றாது.

"சரி, உன் பிடிவாதம் தெரிஞ்சுதானே பொண்ணு கேட்டோம். எங்க வீட்டுக்காரர் குடும்பம் பார்க்கிறதுல கறார். பெரியவனுக்குப் பார்த்த இடத்துல, பொண்ணோட சித்தப்பா திருட்டுல மாட்டினவர்னு தெரிஞ்சதும், ஊத்தி வெச்ச காபியைக்கூடத் தொடாம எழுந்து வந்துட்டாரு. உன் வீட்டைச் சொன்னதும், 'கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவ, வேற என்ன விசாரிக்கணும்'னுட்டாரு."

லெய்டாவின் ஊசிகள் வேகமாக ஓடின. பிறகு ஒரு கண்ணி நழுவியது.

"அட, உனக்கும் நழுவுமா?" என்றாள் மால்லே.

"பனி. விரல் விறைச்சுப்போச்சு."

வேலிக்கு அப்பால் ஒரு ஆள் நின்றான். தாடி மண்டிய முகம். தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தான்.

"யாருப்பா? என்ன வேணும்?" என்றாள் மால்லே.

"பூவைப் பார்த்தேன்."

"எங்க படகுல வந்த ஆள்தானே நீ? பர்னு துறைமுகத்திலேருந்து வாயே திறக்கல. உள்ள வா, காபி சூடா இருக்கு."

"படகு கிளம்புற நேரம்" என்றாள் லெய்டா. "வழியில போறவங்களை உட்காரவெச்சுப் பேச எனக்கு நேரமில்ல."

"உன் ஊசியே தேவலை, நாக்கைவிட." மால்லே ஒரு துண்டுக் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி வேலிக்கு மேலாக நீட்டினாள். அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

"கல்யாண வீடா?"

"ஆமா. இவங்க பொண்ணு, என் பையன்."

"பையன் நல்லவனா?"

"பெத்தவகிட்டயே கேக்கிறியே. குடிக்கமாட்டான். காலையில எழுப்புறதுதான் கஷ்டம்."

அந்த ஆள் தாடிக்குள் சிரித்தான். "பொண்ணு?"

"எதுக்கெடுத்தாலும் சிரிக்கும். இப்பக்கூட வயல்ல உருளைக்கிழங்கு தோண்டிக்கிட்டே பாடிக்கிட்டிருக்கு. உனக்கு இங்க யாராவது உண்டா?"

"இருந்தாங்க."

லெய்டா நழுவிய கண்ணியை எடுக்கப் பார்த்து, இன்னும் இரண்டைத் தவறவிட்டாள்.

கரையிலிருந்து படகுச் சங்கு கேட்டது. மால்லே விரிப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். ஒரு டேலியாவைக் கேட்காமலே பறித்துக்கொண்டாள்.

"இந்த மாசக் கடைசி ஞாயிறு. வார்த்தை கொடுத்துட்டேன், போதுமா? என் மூட்டையைப் படகுல ஏத்தணும், முன்னால போறேன். தம்பி, நீயும் சீக்கிரம் வந்து சேரு."

அவள் காலடிச் சத்தம் மூடுபனியில் கரையும்வரை லெய்டா தலையை நிமிர்த்தவில்லை. அந்த ஆள் அங்கேயே நின்றான். ரொட்டியை இன்னும் கடிக்கவில்லை.

"படகு போயிடும்" என்றாள், பின்னலைப் பார்த்தபடியே.

"போறேன். திய்னா கண்ணுல படமாட்டேன்." அவன் தொப்பியைக் கழற்றினான். "ஜெயில்ல ஒழுங்கா இருந்தேன்னு ரெண்டு மாசம் முன்னாடியே விட்டுட்டாங்க. வர்ற வழியில என் கல்லறையைப் பார்த்தேன், அம்மா. பூவெல்லாம் நல்லா வெச்சிருக்கே."