சொல்ல மாட்டேன் கண்ணு

"அப்பா, நான்தான். இப்போ உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும். சட்டுனு அந்த நம்பரைச் சொல்லுங்க!"

சலூன்காரர் சவரக்கத்தியைக் கீழே வைத்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த பஸ் டிரைவருக்கு ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது. மறு கன்னத்தில் இன்னும் நுரை. கை ஈரமென்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கடை முழுக்கக் கேட்டது.

"இது உன் நம்பர் இல்லையே?"

"பேங்க் இன்டர்வியூவுக்கு வந்திருக்கேன்ல? என் போனை வாசல்லயே வாங்கி வெச்சுட்டாங்க. இது வேற ஒருத்தர் போன்."

"குரலைக் கேட்டு நம்பிடாதீங்கன்னு என் பொண்ணு சொல்லியிருக்கா. அதையும் கம்ப்யூட்டர்ல செஞ்சுடறாங்களாம். சரி, நீ என் பொண்ணுதான்னா இதைச் சொல்லு. உங்கம்மாவுக்குத் தெரியாம நான் மிட்டாயை எங்கே ஒளிச்சு வெப்பேன்?"

"கடையில, பவுடர் டப்பாவுக்குள்ள!"

"அதான் போன தடவை என் கழுத்தெல்லாம் எறும்பா?" என்றார் டிரைவர்.

சந்தேகமே இல்லை, மகள்தான். சலூன்காரருக்கு வியர்த்தது.

அவள் அவருக்கு எடுத்த பாடம் கொஞ்சநஞ்சமல்ல. பேங்க் மேனேஜர் மாதிரி, கூரியர்காரர் மாதிரி குரலை மாற்றிப் பேசுவாள். அவர் ஏமாந்தால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது அவர் பாடு. கழுவிக் கழுவிக் கை வெளுத்த பிறகுதான் மனுஷன் ஜெயிக்கவே ஆரம்பித்தார். அவள் கடைசியாகச் சொன்னது, 'ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும்!'

"சொல்ல மாட்டேன் கண்ணு."

"அப்பா! நம்பர் வரலேன்னா எனக்கு வேலை இல்ல. இதுக்காக எவ்வளவு படிச்சேன்னு உங்களுக்குத் தெரியாதா?" அவள் குரல் தழுதழுத்தது.

"யாராவது பக்கத்துல நின்னு உன்னை மிரட்டறாங்களோ என்னமோ, எனக்கெப்படித் தெரியும்? இரு, கடையைச் சாத்திட்டு ஓடி வரேன். நேர்ல நின்னு கேளு, போனையே கையில தரேன்."

"அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்ப்பா!" போன் கட்டானது.

"என்னண்ணே நீங்க! பெத்த பொண்ணு அழுவுது. ஒரு நம்பரைச் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" டிரைவருக்கே பொறுக்கவில்லை.

சலூன்காரர் கடைச் சாவியைத் தேடினார்.

"அண்ணே, என் இன்னொரு கன்னம்?"

"வந்து பாத்துக்கலாம்."

"பஸ்ஸை இப்படியேவா ஓட்டறது?"

மறுபடி போன். இந்த முறை வேறொரு பெண் குரல்.

"வணக்கம் சார். உங்க பொண்ணை இன்டர்வியூ பண்ற அதிகாரி பேசறேன். பாவம், ரொம்ப அழறாங்க. அந்த நம்பரை என்கிட்டயாவது சொல்லிடுங்களேன்."

வந்த ஆத்திரத்தில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "பெத்த பொண்ணுக்கே சொல்லாதவன் உங்களுக்குச் சொல்வேனாம்மா? வேலை தராட்டி போங்க. எம்பொண்ணு அறிவுக்கு ஆயிரம் வேலை தேடி வரும்!"

மறுமுனையில் படபடவென்று கைதட்டல். அதற்கு நடுவே மகள் சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா, வேலை கிடைச்சிடுச்சு! ஆன்லைன் மோசடியில ஏமாறாம இருக்க ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கற வேலைப்பா. 'முதல்ல உங்க வீட்டுல எப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கீங்கன்னு பாக்கலாம், அழுதாவது அப்பாகிட்ட நம்பரை வாங்குங்க'ன்னாங்க. நீங்க மட்டும் சொல்லியிருந்தீங்க, என் வேலை போயிருக்கும்!"