எந்தக் கடையிலும் கிடைக்காத ஊதா

தெருவில் பச்சை அணில் வந்தபோது எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெயிண்டர் மட்டும் அந்த நிறத்தை அடையாளம் கண்டுகொண்டார். தையல்காரரின் படுக்கையறைக்கு அவர் தன் கையால் கலந்து அடித்த பச்சை அது. மறுநாள் தையல்காரர் எழுந்திருக்கவில்லை. அடுத்து வந்த அணில் செங்கல் நிறம். டீச்சர் வீட்டு முன்னறைக்கு அடித்தது. டீச்சர் அந்த அறையிலேயே உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தார்.

வெளியில் சொன்னால் பெயிண்டருக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு கூப்பிட்டாள். "அப்பா, ஓடி வாங்க! என் ரூம் கலர்லயே ஒரு அணில்!"

மிச்சம் மீதி டப்பாக்களையெல்லாம் ஒன்றாக ஊற்றி அவளுக்காக அவர் கலந்த ஊதா அது. மறுபடி கலக்கச் சொன்னால் அவருக்கே வராது.

கட்டிலை இழுத்துப் போட்டார். சுவரைத் தேய்க்காமலேயே வெள்ளையை அடிக்கத் தொடங்கினார்.

"நல்லாத்தானேப்பா இருந்துச்சு?"

"வெள்ளைன்னா வெளிச்சமா இருக்கும்டா கண்ணு."

ஊதா ஒரு பொட்டுக்கூடத் தெரியாமல் ஆனபிறகுதான் நிறுத்தினார். கொல்லையில் பிரஷ்ஷைக் கழுவும்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது.

உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, அந்த அணில் திரும்பி வந்திருக்கு. இப்ப வெள்ளையா இருக்கு. தொட்டுப் பாத்தேன், இன்னும் காயல."