முகம் தேய்ந்த மாதா

"இது என்னம்மா கூத்து? மாதாவுக்கு முகமே இல்லை!"

அச்சகக்காரர் படத்தை மேசைமேல் போட்டார். செப்புத் தகட்டின்மேல் குனிந்து செதுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் செதுக்கிய தகட்டில் அச்சடித்து, கன்னியர் மடத்துக்கு அறைக்கு ஒன்றாக அனுப்பிய நாற்பது படங்களில் ஒன்று அது.

"திருப்பி அனுப்பிட்டாங்க. நீ கோட்டை ஆழமா வெட்டலை, மை நிக்கலை. புதுத் தகட்டை எதிர்த்தெரு ஆளுகிட்ட குடுக்கப்போறேன்."

"அண்ணே, வேற எந்த வேலையை வேணும்னாலும் அவருக்குக் குடுங்க. மடத்து வேலையை மட்டும் எடுத்துடாதீங்க."

"அப்படி என்ன ஒட்டுதல்? நீ கோயில் பக்கமே எட்டிப் பாக்கிறதில்லை!"

அவள் பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் பிடித்தாள்.

"மை போகலைண்ணே. காகிதமே பஞ்சு பஞ்சா எழும்பியிருக்கு, பாருங்க. யாரோ தேய்ச்சிருக்காங்க. மத்த முப்பத்தொன்பதும்?"

அவர் கூட வந்த கடிதத்தை அப்போதுதான் பிரித்துப் படித்தார். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்காம்." அவர் குரல் இறங்கியது. மேலே படித்தார். "இது ஒரு சின்னக் கன்னியாஸ்திரியோட அறையிலே இருந்ததாம். காலையிலயும் ராத்திரியும் கன்னத்துல ஒட்டி வெச்சுக்குமாம், முத்தம் குடுக்குமாம். நல்ல பக்தி போ! மடியில இருக்கிற பாலன் ஏசுவை ஒரு விரல்கூடத் தொடலை. புத்தம்புதுசா இருக்கார்!"

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"செம்புத் தூள் விழுந்துட்டுது."

"சரி சரி, நீயே செய். ஆழமா வெட்டு. முகம் மட்டும் பழையபடியே இருக்கட்டும். எங்கேயோ பார்த்த முகம் மாதிரி நல்லா இருந்துது."

அவர் போனதும், முகம் பார்க்கும் கண்ணாடியை ஜன்னலோரம் சாய்த்து வைத்து எதிரில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தெரிவதை அப்படியே தகட்டில் வெட்டினால் போதும். காகிதத்தில் விழும்போது பிறர் பார்க்கும் முகமாகத் திரும்பிவிடும்.

பெற்றவள் உள்ளே நுழையவோ, ஒரு வரி எழுதவோ முடியாத அந்த மதிலுக்குள் மகள் போய் எட்டு வருஷம். போன தடவை மாதாவுக்குத் தன் முகத்தையே வைத்து அனுப்பியவள், இந்தத் தடவை அதில் புதிதாக விழுந்த சுருக்கங்களையும் சேர்த்துச் செதுக்கத் தொடங்கினாள்.